சீனி வருத்தமும் ஆயுள் காப்புறுதியும்: கட்டணம் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது

திருகோணமலை, பாலையூற்றில் ஒரு வீட்டு விறாந்தை. முகவர் மடியில் டப்லெட்டை வைத்துக்கொண்டு படிவத்தின் கேள்விகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டு வருகிறார். “சீனி, பிரஷர் ஏதும் இருக்கிறதா அக்கா?” “சீனி இருக்கிறது தம்பி. மெட்போமின் மட்டும்தான் போடுகிறேன்.” விரல் ஒரு கணம் நிற்கிறது. “அப்படியென்றால் இல்லை என்றே போட்டுவிடுவோம். வீணாகக் கட்டணம் ஏறும்.”

இப்படி ஒரு பக்கம். “சலரோகக்காரருக்கு எந்தக் கம்பனியும் தராது, வீண் அலைச்சல்” என்று சந்தையிலும் கிளினிக் வாங்கிலும் கேட்கிற பேச்சு மறுபக்கம். இரண்டும் பிழை. முதலாவது ஆபத்தான பிழையும்கூட.

2018, 2019 ஆண்டுகளில் நடந்த நாடளாவிய ஆய்வொன்று, இலங்கையில் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 23 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. நாலு பேரில் ஒருவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டு இந்த நாட்டில் எந்தக் காப்புறுதி நிறுவனமும் கடை நடத்த முடியாது. ஆகவே கிடைக்குமா என்ற கேள்வியை விட்டுவிடலாம். என்ன விலைக்கு, எந்தத் திட்டத்தில், எந்தக் கடதாசிகளைக் காட்டி என்பதுதான் விளங்க வேண்டிய பகுதி.

நிறுவனம் பார்க்கிற எண்

வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் ஒரு டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் குளுக்கோசு இருந்தால் அது நீரிழிவு. நம்மில் பலர் அறிந்தது இந்த எண்தான். ஆனால் இது அன்று காலையின் நிலையை மட்டுமே சொல்லும். கிளினிக் நாளுக்கு இரண்டு நாள் முன்பிருந்து சோற்றைக் குறைத்து, தேநீரில் சீனியை நிறுத்தி, நல்ல எண்ணை வாங்கிக்கொண்டு வருகிற கலை நம் ஊரில் பலருக்குக் கைவந்தது.

காப்புறுதி நிறுவனத்தின் மருத்துவப் பிரிவு அதிகம் நம்புவது எச்பிஏ1சி என்ற இன்னொரு சோதனையை. செங்குருதிக் கலங்களில் ஒட்டியிருக்கும் குளுக்கோசை அளப்பதால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியை அது காட்டிவிடும். இதற்குப் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. இரண்டு நாள் பத்தியமும் இதனிடம் பலிக்காது. 6.5 சதவீதமும் அதற்கு மேலும் நீரிழிவு. 7 சதவீதம் என்றால் சராசரிக் குளுக்கோசு ஏறத்தாழ 154, 8 என்றால் 183, 9 என்றால் 212. இரத்தச்சோகையோ தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் கூறோ உள்ளவர்களில் இந்த எண் பிசகலாம். அப்படி ஒன்று இருந்தால் வைத்தியரின் குறிப்பை முன்கூட்டியே இணைத்துவிடுவது நல்லது.

எச்பிஏ1சியில் ஒரு சதவீத வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. பிரித்தானியாவில் ஆயிரக்கணக்கான நோயாளிகளை நீண்ட காலம் பின்தொடர்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, எச்பிஏ1சி ஒரு சதவீதம் குறைவாக இருந்தவர்களிடம் நீரிழிவு சார்ந்த மரணங்கள் 21 சதவீதமும், கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்ச் சிக்கல்கள் 37 சதவீதமும் குறைவாக இருந்ததைக் காட்டியது. காப்புறுதிக்காரர் வாசிப்பதும் இதே கணக்கைத்தான்.

கூடுதல் கட்டணம் எப்படி உருவாகிறது

ஒரே வயதுடைய, நோயற்ற பெருங்கூட்டம் ஒன்றில் குறிப்பிட்ட காலத்தில் 100 பேர் இறப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே அளவான நீரிழிவாளர் கூட்டத்தில் 175 பேர் இறப்பார்கள் என்று நிறுவனம் கணித்தால், உயிராபத்துக்கான விலையில் 75 சதவீதம் கூடும். முகவர்கள் இதை ‘லோடிங்’ என்பார்கள். பெரும்பாலும் 25இன் மடங்குகளாகப் போடுவார்கள்: 50, 75, 100, 150. இந்த அட்டவணைகளை நிறுவனங்கள் தாமாக எழுதுவதில்லை. அவர்களுக்கே காப்புறுதி கொடுக்கும் வெளிநாட்டு மீள்காப்புறுதி நிறுவனங்களின் கைநூல்களிலிருந்தே எடுக்கிறார்கள். அதனால்தான் கொழும்புத் தலைமையகத்தில் இருப்பவரிடம் கெஞ்சுவதால் எண் இறங்குவதில்லை, புதிய சோதனை அறிக்கை கொடுத்தால் இறங்குகிறது.

அட்டவணையில் எண்ணப்படுபவை இவை:

1. நோய் கண்ட வயது. இளவயதில் வந்தால் சுமை அதிகம். பலருக்கு இது தலைகீழாகத் தோன்றும்; முப்பது வயதுக்காரர் உடம்பு தாங்குமே என்பார்கள். தாங்கும்தான், ஆனால் நோய் வேலை செய்ய அங்கே காலமும் நிறைய இருக்கிறது. உயர் வருமான நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2023இல் வெளியான ஆய்வில், அமெரிக்க மரண வீதங்களின்படி 50 வயதுள்ள ஒருவருக்கு நீரிழிவு 30 வயதில் கண்டறியப்பட்டிருந்தால் ஆயுள் சராசரியாக 14 ஆண்டு குறைகிறது. 40இல் என்றால் 10 ஆண்டு. 50இல் என்றால் 6 ஆண்டு.

2. எச்பிஏ1சியின் போக்கு. ஒரு தடவை 6.8 எடுத்தவரைவிட, இரண்டு ஆண்டுகளாக 7.2க்கும் 7.5க்கும் இடையில் நிற்பவரை நம்புவார்கள்.

3. சிறுநீரில் புரதம். சிறுநீரகம் சோரத் தொடங்கியதற்கு இது முதல் அடையாளம். மற்ற எல்லாம் சரியாக இருந்து இது ஒன்று பிழைத்தாலே கட்டணம் துள்ளும், சிலவேளை விண்ணப்பமே நிராகரிக்கப்படும்.

4. கூடவே வருபவை: இரத்த அழுத்தம், கொழுப்பு, எடை, ஈசிஜி, கண் விழித்திரைச் சோதனை.

5. புகைத்தல். சீனியும் சிகரெட்டும் சேர்ந்தால் சுமைகளைக் கூட்டுவதில்லை, பெருக்குகிறார்கள் என்று சொல்லும் அளவுக்கு விலை ஏறும்.

முதலாம் வகை நீரிழிவுக்கு, அதாவது சிறுவயதிலிருந்தே இன்சுலினில் இருப்பவர்களுக்கு, வழி இடுங்கியது. கூடுதல் கட்டணம் அதிகம், மறுப்பும் அதிகம். கர்ப்ப காலத்தில் மட்டும் சீனி வந்து போன பெண்கள் அதைப் படிவத்தில் சொல்லத்தான் வேண்டும். பிரசவத்துக்குப் பின் எடுத்த அறிக்கை சாதாரணமாக இருந்தால் கூடுதல் கட்டணம் பெரும்பாலும் சிறிது, அல்லது இல்லை.

எந்தத் திட்டத்தில் எவ்வளவு

‘மலிவு’ என்ற சொல்லை முகவர் ஒரு பொருளிலும் குடும்பம் இன்னொரு பொருளிலும் விளங்கிக்கொள்கிற இடம் இது. கீழே வருபவை கணக்கு விளங்குவதற்கான எண்கள். எந்த நிறுவனத்தின் விலைப் பட்டியலும் அல்ல.

42 வயதுள்ள ஒருவர். நீரிழிவுக்கு 100 சதவீதக் கூடுதல் கட்டணம்.

முதலாவது, குறித்த காலத் திட்டம். 15 ஆண்டுக்குள் இறந்தால் பணம், உயிரோடிருந்தால் ஒன்றும் இல்லை. 20 இலட்சத்துக்கு மாதம் 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கூடுதலோடு 3,000. அதாவது ஒவ்வோர் இலட்சக் காப்புக்கும் 150 ரூபாய்.

இரண்டாவது, சேமிப்போடு சேர்ந்த திட்டம். மாதம் 10,000 ரூபாய், காப்பு 10 இலட்சம். அந்தப் பத்தாயிரத்தில் உயிராபத்துக்கான பகுதி 750 ரூபாய்தான். மிச்சம் சேமிப்புக்கும் செலவுகளுக்கும் போகிறது. கூடுதல் கட்டணம் உயிராபத்துப் பகுதிக்கு மட்டும் விழுவதால் மொத்தம் 10,750 ஆகிறது. “பாருங்கள், சீனிக்காக வெறும் ஏழரை சதவீதம்தான் கூட்டியிருக்கிறோம்” என்று முகவர் சொல்வார். பொய்யில்லை. ஆனால் ஓர் இலட்சக் காப்புக்கு இங்கே 1,075 ரூபாய் போகிறது. முதலாவதைப்போல ஏழு மடங்கு.

சேமிப்புத் திட்டம் கெட்டது என்பதல்ல. முதிர்வில் பணம் வரும், ஒழுங்காகச் சேமிக்கப் பழக்கும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி, நாளை நான் இல்லாமற்போனால் கடனும் பிள்ளைகளின் படிப்பும் எத்தனை இலட்சம் என்பது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்ததை அனுபவித்த நாம், பத்து ஆண்டுகளுக்கு முன் எடுத்த ஐந்து இலட்சத்தை இன்னும் பெரிய தொகையாக நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது. நீரிழிவாளருக்கு என் தெரிவு குறித்த காலத் திட்டம். முகவருக்கு அதில் கழிவு (கொமிஷன்) குறைவு என்பதால் கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார், ஆகவே கேளுங்கள்.

இணைப்பு நன்மைகளிலும் கவனம் வேண்டும். மரணக் காப்பைத் தந்துவிட்டு, கடும் நோய்க்கான இணைப்பையும் நிரந்தர இயலாமைக்கான இணைப்பையும் நீரிழிவாளருக்கு மறுப்பது வழக்கம். விற்பனைப் பிரசுரத்தில் இருப்பதெல்லாம் உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். “சோதனையே இல்லை, யாருக்கும் தருவோம்” என்று வருபவை பல, விபத்து மரணத்துக்கு மட்டும் பணம் தருபவை. சீனியாலோ மாரடைப்பாலோ இறந்தால் அதில் ஒரு சதமும் கிடையாது.

கிளினிக் கொப்பி

திருகோணமலைப் பொது வைத்தியசாலையிலோ கிண்ணியா, மூதூர் வைத்தியசாலைகளிலோ மாதாந்தக் கிளினிக்குக்குப் போகிறவர்களின் கையில் ஒரு கொப்பி இருக்கும். பொலித்தீன் உறை, முதற்பக்கத்தில் இலக்கம், உள்ளே திகதி, எண், மருந்து, எண், மருந்து. ஓரத்தில் மடிந்து, மழையில் நனைந்து, சில பக்கங்களில் மை கரைந்திருக்கும். மருந்து வாங்கியதும் பைக்குள் போகிற அந்தக் கொப்பிதான், கூடுதல் கட்டணத்தை இறக்குவதற்கு உங்களிடம் உள்ள முதல் சாட்சி. இலவச மருத்துவம் தருகிற நாட்டில் வாழ்வதன் ஒரு பக்கப் பயன் இது. மாதம் தவறாமல் போனவருக்குப் பல ஆண்டுப் பதிவு ஒரு ரூபாயும் செலவில்லாமல் சேர்ந்திருக்கிறது.

அதிலுள்ள குறை, பல பக்கங்களில் வெறும் வயிற்று எண் மட்டுமே இருப்பது. ஆகவே விண்ணப்பத்துக்கு முந்திய ஆறு மாதத்தில் செய்ய வேண்டியவை:

1. எச்பிஏ1சி சோதனையைக் குறைந்தது மூன்று மாத இடைவெளியில் இரண்டு தடவை எடுங்கள். கிளினிக்கில் எழுதித் தராவிட்டால் தனியார் ஆய்வுகூடத்தில் எடுக்கலாம். குறைந்துவரும் இரண்டு எண்கள், தனித்து நிற்கும் நல்ல ஓர் எண்ணைவிட மதிப்பானவை.

2. சிறுநீர்ப் புரதம், கண் சோதனை ஆகியவற்றின் அறிக்கைகளை வையுங்கள். ‘விழித்திரை பாதிப்பு இல்லை’ என்ற ஒரு வரி பல கேள்விகளை அடைத்துவிடும்.

3. கொப்பியின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வையுங்கள். தொலைந்த கொப்பிக்குப் பதில் புதுக் கொப்பி தருவார்கள். பழைய எண்களைத் தரமாட்டார்கள்.

4. நோய் இப்போதுதான் தெரிந்தது என்றால் அவசரப்பட வேண்டாம். புதிதாகக் கண்டறிந்தவரின் விண்ணப்பத்தை நிறுவனங்கள் ஆறு மாதம், ஓர் ஆண்டு என்று ஒத்திவைப்பது வழக்கம். அந்தக் காலத்தை மேற்சொன்னவற்றுக்குப் பயன்படுத்தலாம்.

கையெழுத்திட முன், இரண்டு மூன்று நிறுவனங்களிடம் அறிக்கைகளை மட்டும் காட்டி உத்தேசக் கட்டணம் கேளுங்கள். ‘வேறு நிறுவனம் எதுவும் உங்களை மறுத்ததா, ஒத்திவைத்ததா, கூடுதல் கட்டணம் கேட்டதா’ என்ற கேள்வி முன்மொழிவுப் படிவங்களில் வழமையாக இருக்கும். முறைப்படி விண்ணப்பித்து ஓரிடத்தில் மறுக்கப்பட்டால் அந்த மறுப்பு அடுத்த மேசைக்கும் உங்களோடு வரும். தகாபுல் என்ற இஸ்லாமியக் காப்புறுதி முறையில் எடுக்க விரும்புவோருக்கும் இதே நடைமுறைதான். பணத்தைக் கையாளும் விதம் வேறு, மருத்துவ மதிப்பீடு வேறல்ல.

மறைத்தால் என்ன ஆகும்

ஆயுள் காப்புறுதி விடயத்தில் இங்கிலாந்துச் சட்டத்தையே பின்பற்ற வேண்டும் என்பது பிரித்தானியர் காலத்துக் குடியியல் சட்டக் கட்டளைச் சட்டம் நமக்கு வைத்துப் போனது. அந்தச் சட்டத்தின் அடித்தளம், முழு நன்னம்பிக்கை. விலையை மாற்றக்கூடிய எதையும் விண்ணப்பிப்பவர் மறைக்கக் கூடாது.

1766இல் இதை வகுத்துச் சொன்னவர் மான்ஸ்ஃபீல்ட் பிரபு. வழக்கு ஒரு கடற்கரைக் கோட்டையைப் பற்றியது. சுமாத்திராவின் மார்ல்பரோக் கோட்டை எதிரியிடம் விழுந்தால் இழப்பீடு என்று காப்புறுதி எடுக்கப்பட்டிருந்தது. 1760இல் பிரெஞ்சுக்காரர் பிடித்துவிட்டார்கள். (இருபத்திரண்டு ஆண்டு கழித்துத் திருகோணமலைக்கும் அவர்கள் வந்தார்கள், நம் கோட்டைக்கு யாரும் காப்புறுதி எடுத்திருந்ததாகத் தெரியவில்லை.) கோட்டையின் பலவீனத்தை மறைத்தார்கள் என்று காப்புறுதிக்காரர் வாதாடித் தோற்றார். அவர் தாமே அறிந்திருக்கக்கூடியதை மறைத்ததாகச் சொல்ல முடியாது என்பது தீர்ப்பின் மறுபாதி. ஒரு கோட்டையின் நிலையை இலண்டனில் இருந்து ஊகிக்கலாம். உங்கள் இரத்தத்தில் உள்ளதை அப்படி ஊகிக்க முடியாது. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

இங்கே மூன்று தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன.

1. “முகவர்தானே ‘இல்லை’ என்று போட்டார்.” 1929இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்று தீர்த்த வழக்கில், உண்மையைக் கேட்டுவிட்டுப் பிழையாக எழுதியவர் நிறுவனத்தின் முகவரே. ஆனால் படிவத்தை நிரப்பும்போது அவர் விண்ணப்பிப்பவரின் எழுத்தராகவே வேலை செய்தார், கையெழுத்து விண்ணப்பிப்பவருடையது என்று சொல்லி, உரிமைக் கோரல் தள்ளுபடியானது. பாலையூற்று அக்காவின் நிலையும் கிட்டத்தட்ட அதுவே.

2. “மூன்று ஆண்டு கட்டிவிட்டால் கேள்வி கேட்க முடியாது.” இது இந்தியக் காணொளிகளில் இருந்து வந்தது. இந்தியாவின் 1938ஆம் ஆண்டுக் காப்புறுதிச் சட்டத்தின் 45ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அது அங்குள்ள ஒப்பந்தங்களுக்கு. இங்கே உங்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வாசகம் இருந்தால் மட்டுமே அதைப் பேசலாம்.

3. “சோதனை கேட்கவில்லை, ஆகவே சொல்லத் தேவையில்லை.” குறைந்த தொகைக்கு இரத்தச் சோதனை கேட்கமாட்டார்கள். படிவத்துக் கேள்வி அப்போதும் கேள்விதான்.

இறந்த பின் உரிமை கோரும்போது நிறுவனம் முதலில் கேட்பது வைத்தியசாலைப் பதிவுகளை. பத்து ஆண்டாகக் கிளினிக்கில் மருந்து எடுத்த கொப்பி அங்கே வந்து நிற்கும். விண்ணப்ப நாளில் கட்டணத்தைக் குறைத்திருக்கக்கூடிய அதே கொப்பி, அப்போது எதிர்த்தரப்பின் சாட்சி.

படிவத்தைத் தமிழில் கேளுங்கள். டப்லெட்டில் நிரப்பினாலும் முழுதையும் வாசித்துக் காட்டச் சொல்லி, ஒரு பிரதியை வாங்கிய பிறகே கையெழுத்திடுங்கள்.

ஏற்கெனவே கையில் இருப்பவை

புதிதாக வாங்க முன் உள்ளதை எண்ணிப் பார்ப்பது செலவைக் குறைக்கும்.

1. நோய் வருவதற்கு முன் எடுத்த ஒப்பந்தம். இது பொன். அன்றைய உடல்நிலைக்குப் போட்ட கட்டணம், இன்று சீனி வந்ததால் ஏறாது. “பழையதை விட்டுவிட்டு இந்தப் புதியதை எடுங்கள்” என்பவரின் பேச்சைக் கேட்க வேண்டாம். தவணை தவறிக் காலாவதியானால் புதுப்பிக்க மறுபடியும் உடல்நலப் பிரகடனம் கேட்பார்கள். அப்போது நீரிழிவு கணக்கில் வந்துவிடும். மீன்பிடி இல்லாத மாதங்களில் கட்ட முடியாமற்போகிறவர்கள், வருமானம் வரும் பருவத்தில் ஆண்டுக்கு ஒரு தடவையோ ஆறு மாதத்துக்கு ஒரு தடவையோ கட்டும் முறைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

2. வேலைத்தலக் குழுக் காப்புறுதி. பணியாளர் அனைவரையும் சேர்த்து எடுப்பதால், ஒரு வரம்புத் தொகை வரை தனித்தனி மருத்துவச் சோதனை கிடையாது. சீனக்குடாப் பக்கத் தொழிற்சாலைகளிலோ நிலாவெளி ஹோட்டல்களிலோ வேலை செய்கிறவர்கள் மனிதவளப் பிரிவில் ஒரு தடவை கேட்டுப் பார்க்கட்டும். வேலையை விட்டால் இதுவும் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம்.

3. ஊழியர் நம்பிக்கை நிதியம். தனியார் துறை ஊழியருக்காக முதலாளி செலுத்தும் 3 சதவீதத்தோடு ஒரு மரண நன்மையும் சேர்ந்தே வருகிறது. சீனி பற்றிய கேள்வி இல்லை. தொகை சிறிது, ஆனால் கோரப்படாமலே போகிற பணம் இது.

4. அரச ஊழியர்களுக்கு விதவைகள், தபுதாரர், அநாதைகள் ஓய்வூதியம் உண்டு. மாகாண சபை அலுவலகங்கள் நிறைந்த நம் நகரில் பலருக்கு இது பொருந்தும். குடும்பத்துக்கு மாத வருமானம் தொடரும் என்றால், எடுக்க வேண்டிய காப்பு கடன் தொகை அளவுக்குக் குறையலாம்.

5. வீட்டுக் கடனோடு வங்கி கேட்கும் காப்புறுதி. கடன் குறையக் குறையக் காப்பும் குறையும் வகை. இறந்தால் பணம் வங்கிக்கு, வீடு பிள்ளைகளுக்கு. இதிலும் நீரிழிவைச் சொல்ல வேண்டும்.

ஊர் மரண உதவிச் சங்கங்களை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. பந்தலுக்கும் பெட்டிக்கும் அவை உதவும்; அதற்கு அப்பால் எதிர்பார்ப்பது அவற்றுக்கும் அநியாயம்.

எடுத்த பிறகு

கூடுதல் கட்டணம் பெரும்பாலும் ஒப்பந்தக் காலம் முழுவதும் நிற்கும். ஆனால் எச்பிஏ1சி இறங்கி, எடை குறைந்து, புகைத்தலும் நின்று ஓரிரண்டு ஆண்டு ஆகியிருந்தால், மறுமதிப்பீடு செய்யும்படி எழுத்தில் கேட்கலாம். தொலைபேசியில் கேட்டால் “முடியாது” என்பதே சுலபமான பதில். அறிக்கைகளை இணைத்த கடிதத்துக்கு யாராவது கோப்பைத் திறந்தே ஆக வேண்டும். அங்கே மறுத்தால், பழையதைக் கையில் வைத்துக்கொண்டே வேறு நிறுவனத்தில் விலை கேளுங்கள். புதியது உறுதியாகும் வரை பழையதை நிறுத்த வேண்டாம்.

உரிமைக் கோரல் நியாயமின்றி மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத வேண்டும். அதன் பிறகு காப்புறுதி ஒம்புட்ஸ்மன், முறைப்பாட்டாளரிடம் கட்டணம் வாங்காமல் விசாரிப்பார். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் கொழும்பில்தான் இருக்கிறது, ஆனால் தபாலில் அனுப்பலாம், தமிழிலேயே எழுதலாம். இணைக்க வேண்டியவை: முன்மொழிவுப் படிவத்தின் பிரதி, ஒப்பந்தம், மறுப்புக் கடிதம், கிளினிக் கொப்பியின் பக்கங்கள். மூலப்பிரதிகளை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.